இரு பெயரேடுகள்

நெய்வேலி என்னும் பெயரைக் கேட்டவுடன் பழுப்பு நிலக்கரியும் அதனின்று பிறக்கும் மின்னாற்றலும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் நீர் வேண்டித் தோண்டியபொழுது கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டது. அதன் பயன் நாட்டிற்குக் கிட்டக் கால் நூற்றாண்டிற்கு மேலாயிற்று. 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பெற்றது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்க வெட்டுப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தென்பட்டது. 1962இல் முதல் மின்னாக்கப் பொறி சுழன்றது. 2016 முதல் அந்நிறுவனம் என்எல்சி இந்தியா என்னும் பெயரால் வழங்குகின்றது.

ஆயினும், ஈண்டு நாம் காணப்போவது நிலக்கரியைப் பற்றியன்று. பெயர்ப் பட்டியல்களைப் பற்றி. ஆற்றங்கரையிலும் கோயிலைச் சுற்றியும் மெல்ல மெல்ல வளர்ந்த ஊர்களில், முதலில் மக்கள் குடியேறுவர். அவர்களை எண்ணும் ஏடு பின்னரே வரும். நெய்வேலி நகரியமோ அங்ஙனம் தோன்றியதன்று. வட்டம் 1, வட்டம் 2 என எண்ணிட்டு, நேரிய தெருக்களை வகுத்து, பணியேற்பவர்க்கென வீடுகளைக் கட்டினர். ஒருவர் பெயர் பணியாளர் ஏட்டில் ஏறிய பின்னரே அவருக்கு வீடு ஒதுக்கப்பெற்றது. இவ்வூரில் ஏடு முன்னே நடந்தது. மனிதர் பின்னே வந்தனர் எனலாம்.

ஏடு ஒன்றாயின் தொல்லையில்லை. இரண்டாகும்பொழுதே தொல்லை தொடங்குகின்றது. ஒருவர் சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்திற்கு மாற்றப்படுகின்றார் என்க. மாற்றத்தை ஓர் ஏடு அறிகின்றது. மற்றோர் ஏடு அறியவில்லை. அப்பொழுது அவர் எங்குள்ளார் என்னும் எளிய வினாவிற்கு இரண்டு விடைகள் கிடைக்கும்.

இது கணிப்பொறிக் காலத்தில் முளைத்த புதுச் சிக்கல் அன்று. நம் ஊர்களில் கர்ணம் என்பார் சிட்டா, அடங்கல் என்னும் கணக்குகளை வைத்திருந்ததைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிட்டாவில் நிலங்கள் உடையவர் பெயரால் தொகுக்கப்பெறும். அடங்கலில் அவையே புல எண்ணால் வரிசைப்படும். ஒரே வயல் ஈரிடங்களில் ஈருருவில் நிற்கும். ஊர்க் கணக்கும் வட்டக் கச்சேரியின் கணக்கும் முரண்படாதிருக்கும்பொருட்டு, ஆண்டுதோறும் பசலியாண்டு முடியும் தறுவாயில் ஜமாபந்தி என்னும் தணிக்கை நடைபெறும். 1980இல் தமிழ்நாட்டில் கர்ணம் பதவி ஒழிக்கப்பெற்றது. அப்பணியைக் கிராம நிருவாக அலுவலர் ஏற்றனர். ஜமாபந்தி மட்டும் நின்றுவிடவில்லை. இரண்டு ஏடுகள் உள்ளவரை அவற்றை ஒப்பிடும் நாளும் இருந்தே தீரும்.

கணிப்பொறிகள் பெருகிய பின்னர், ஓர் அலுவலகத்தில் யார் யார் பணி செய்கின்றனர், அவர்தம் கடவுச்சொல் யாது, எந்தக் குழுவில் உள்ளார், எந்த அறைக் கதவையும் எந்தக் கோப்பையும் திறக்கலாம் என்பவற்றையெல்லாம் ஓரிடத்தே எழுதிவைத்தல் இன்றியமையாததாயிற்று. அவ்வேட்டைப் பெயரேடு என்போம். அதனைத் தாங்கி நின்று, கேட்போர்க்குக் கேட்டதை எடுத்து வழங்கும் கணிப்பொறி வழங்கி எனப்படும். அமெரிக்க நாட்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தார், தனியாட்களின் பெயர்களையும் குழுக்களின் பெயர்களையும் பல வழங்கிகளில் படியெடுத்து வைக்கும் கிரேப்வைன் என்னும் ஏற்பாட்டை 1982இல் விளக்கி எழுதினர். 1988இல் எக்ஸ்.500 என்னும் உலகப் பொதுத் தரம் வெளிவந்தது. அது மிகப் பெரியதாய், நடைமுறைக்குக் கடினமாய் இருந்தமையால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் அதனைச் சுருக்கி எளிதாக்கிய எல்டாப் என்னும் முறை 1993இல் வந்தது. மைக்ரோசாப்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் ஆக்டிவ் டைரக்டரி என்னும் தன் பெயரேட்டை வெளியிட்டது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இவ்விரு வகையும் அருகருகே வாழ்கின்றன. மேசைக் கணிப்பொறிகளை ஒன்று ஆள, லினக்சு இயந்திரங்களையும் மின்னஞ்சலையும் மற்றொன்று ஆள்கின்றது. ஒன்றை விட்டுவிடலாகாதா எனின், ஆண்டுக்கணக்கில் ஊன்றிய வேரைப் பிடுங்குதல் எளிதன்று.

இனி, நெய்வேலியைப் போன்ற ஒரு நகரியத்தில் அத்தகைய இரு பெயரேடுகள் உள்ளன எனக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்றை அலுவலகப் பெயரேடு என்றும், மற்றொன்றை மருத்துவமனைப் பெயரேடு என்றும் அழைப்போம். இது விளக்கத்திற்கென யாம் புனைந்த எடுத்துக்காட்டே. அவ்வூர் நிறுவனத்தின் உண்மை ஏற்பாட்டை வருணிப்பதன்று. இவ்விரண்டையும் ஒத்திசையச் செய்யும் கருவி ஒன்று நடுவே நிற்கின்றது. அதன் பணி எளிதெனத் தோன்றும்: ஓரேட்டில் உள்ளதை மற்றோரேட்டில் எழுதுதல். எழுதத் தொடங்கியவுடன் இடர்ப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழும்.

முதல் இடர் நம் பெயர்களாலேயே விளைவது. எல்டாப் முறையில் மனிதர் ஒருவரைப் பதிய முழுப்பெயரும் குடும்பப்பெயரும் கட்டாயம் வேண்டும். மேலைநாட்டார்க்கு அது பொருந்தும். தமிழரோ தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு, தம் பெயர் ஒன்றையே வழங்குவர். மு. செல்வராசு என்பார்க்குக் குடும்பப்பெயர் யாது? 'மு' என்பதா, செல்வராசு என்பதா, அன்றித் தந்தையின் முழுப்பெயரா? ஆக்டிவ் டைரக்டரி அவ்விடத்தை வெறுமையாக விட ஒப்பும், எல்டாப் ஒப்பாது. ஆதலின், வெற்றிடத்தை எதனால் நிரப்புவதெனக் கருவிக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும். சொல்லாவிடில் அப்பெயர் ஏறாது. அவர் காலையில் வந்து கணிப்பொறிமுன் அமர்ந்து, தாம் இல்லாதவர் என்று அது சொல்வதைக் கேட்டுத் திகைப்பார்.

பெயரின் நீளமும் ஒரு தடை. ஆக்டிவ் டைரக்டரியில் பழைய முறைப்படி அமைந்த நுழைவுப்பெயர் 20 எழுத்திற்கு மேற்படலாகாது. திருஞானசம்பந்தம் என்பதை ஆங்கில எழுத்தில் ஒலிக்கேற்ப எழுதினால் 19 எழுத்தாகும். தலைப்பெழுத்து ஒன்றும் புள்ளி ஒன்றும் முன்னே சேர்த்தால் 21. ஓரெழுத்து மிகையால் ஓர் ஏட்டில் முழுதாய் நிற்கும் பெயர் மற்றோர் ஏட்டில் வால் வெட்டுண்டு நிற்கும். இவ்வரம்பை வகுத்தோர் நம் பெயர்களை எண்ணிப் பார்த்திலர் போலும்! ஒருவர் ழகரத்தை ஆங்கிலத்தில் ஒருவிதமாகவும், மற்றொருவர் வேறு விதமாகவும் எழுதுவதால் விளையும் குழப்பத்தைத் தனியே கூறவேண்டுவதில்லை.

ஆகவே, இன்னார்தாம் இன்னார் என்று அறிதற்குப் பெயரை நம்புதல் ஆகாது. இரு பெயரேடுகளும் ஒவ்வொரு பதிவிற்கும் 128 இரும இலக்கங்களால் ஆன அடையாள எண் ஒன்றைத் தாமே அளிக்கின்றன. ஒருவர் பெயர் மாறினும் துறை மாறினும் அவ்வெண் மாறாது. ஒருவர்க்கு அளித்தது பிறர்க்குப் போகாது. ஆனால், இவ்வேடு அளித்த எண்ணை அவ்வேடு அறியாது. எனவே, ஒன்றன் எண்ணை மற்றொன்றில் உள்ள பதிவின் ஓரத்தில் குறித்துவைத்தல் வேண்டும். முதன்முதல் இணைக்கும் நாளில் இன்னார்க்கு இன்னார் எனப் பொருத்துதற்குப் பணியாளர் எண் உதவும். அவ்வெண் இல்லாத இடத்தில் மனிதர் ஒருவர் அமர்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் சேர்ப்பதன்றி வேறு வழியில்லை. இரண்டு செல்வராசுகளை ஒருவராகச் சேர்த்துவிட்டால், ஒருவர் கடிதம் மற்றவர்க்குப் போவதோடு நில்லாது; ஒருவர்க்குரிய உரிமை முழுவதும் மற்றவர் கைக்குப் போய்விடும்.

அடுத்து எழும் வினா, இரு ஏடுகளும் முரண்பட்டால் எதன் சொல் செல்லும் என்பது. சிலர், ஓர் ஏட்டையே தலைமை ஏடாக்கி, மற்றதை அதன் படியாக்கிவிடுவர். இதுவே குழப்பம் குறைந்த முறை. எனினும், மருத்துவமனையில் மட்டும் அறியக்கூடிய செய்திகள் சில உண்டு; அலுவலகத்தில் மட்டும் அறியக்கூடியன சில உண்டு. ஆதலின், பதவிப்பெயர் அலுவலகப் பெயரேட்டிலிருந்து மட்டுமே புறப்படுக, மருத்துவமனைத் தொலைபேசி எண் மருத்துவமனைப் பெயரேட்டிலிருந்து மட்டுமே புறப்படுக என ஒவ்வொரு செய்திக்கும் உரியவரை வரையறுத்தல் நன்று. ஒரு செய்தியை இருவரும் மாற்றலாம் என்று விட்டுவிடின், நேற்று ஒருவர் திருத்தியதை இன்று மற்றவர் அறியாமலே பழையபடி ஆக்கிவிடுவார்.

கருவி ஒவ்வொரு முறையும் முழு ஏட்டையும் புரட்டிப் பார்ப்பதில்லை. வழங்கி, தன்னிடம் நிகழும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஏறுவரிசையில் எண் இடுகின்றது. கருவி தான் இறுதியாகக் கண்ட எண்ணை நினைவிற் கொண்டு, இதன்பின் நிகழ்ந்தவை யாவை என வினவுகின்றது. படித்த இடத்தில் ஓலைநறுக்கை அடையாளமாக வைத்துவிட்டு மறுநாள் அவ்விடத்திலிருந்தே படிப்பதனை இஃது ஒக்கும்.

கடிகாரத்தை நம்பலாகாதா என்று கேட்கலாம். நம்பலாகாது. இரண்டு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் நொடிப்பொழுதேனும் வேறுபட்டே ஓடும். ஆக்டிவ் டைரக்டரி, தன் படிகளுள் ஒரு செய்தி இருவிதமாகக் காணப்படின், எத்தனை முறை அது திருத்தப்பெற்றது என்னும் எண்ணிக்கையை முதலில் நோக்கும். எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டுமே நேரத்தை நோக்கும். நுழைவுச் சோதனையிலும் கடிகாரம் தன் வேலையைக் காட்டும். அங்குக் கையாளப்பெறும் கெர்பரோசு முறையில் பொதுவாக 5 நிமிட வேறுபாடு வரையே பொறுக்கப்படும். அதற்கு மேற்படின் கடவுச்சொல் சரியாயினும் கதவு திறவாது.

கடவுச்சொல்லின் கதை தனிக்கதை. மற்றச் செய்திகளை இங்கிருந்து எடுத்து அங்கு எழுதலாம். கடவுச்சொல்லை எழுத இயலாது. ஏனெனில், நல்ல பெயரேடு கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்திருப்பதே இல்லை. அதனை ஒருவழிக் கணக்கில் இட்டு அரைத்துக் கிடைக்கும் விளைவை மட்டுமே வைத்திருக்கும். மாவிலிருந்து நெல்லை மீட்க இயலாதவாறு, அவ்விளைவிலிருந்து சொல்லை மீட்க இயலாது. மீண்டும் ஒருவர் சொல்லை உரைக்கும்பொழுது அதனையும் அவ்வாறே அரைத்து, இரண்டும் ஒன்றா எனப் பார்க்கும். இரு பெயரேடுகளின் திரிகைகளோ வெவ்வேறு. ஒன்றில் அரைத்தது மற்றொன்றிற்குப் பயன்படாது. ஆதலின், பயனர் தம் கடவுச்சொல்லை மாற்றும் அந்த ஒரு கணத்தில், சொல் அரைபடுமுன், அதனைப் பிடித்துக் காப்பான வழியில் மற்ற வழங்கிக்கு அனுப்பும் சிறு நிரல் ஒன்றை நிறுவுவர். இதனாலேயே, இரு ஏடுகளும் இணைக்கப்பெற்ற முதல் நாளில் எல்லோரும் கடவுச்சொல்லை ஒருமுறை மாற்றுமாறு பணிக்கப்படுகின்றனர். பலர் இதனை அலுவலர்களின் வீண் தொல்லை என்று சலித்துக்கொள்வர். காரணம் சொல்லப்படாமையே சலிப்பிற்கு வேர்.

குழுக்களைப் பற்றி இனிக் காண்போம். இங்குத்தான் உண்மையான இடர் மறைந்துள்ளது. உரிமைகள் பெரும்பாலும் தனியாட்களுக்கு அளிக்கப்படுவதில்லை, குழுக்களுக்கே அளிக்கப்படுகின்றன. செவிலியர் குழுவில் உள்ளோர் நோயாளர் குறிப்பைத் திறக்கலாம், கொதிகலன் இயக்குவோர் குழுவில் உள்ளோர் கட்டுப்பாட்டறைத் திரையை இயக்கலாம் என்பது போன்ற விதிகளே வழக்கம். ஒரு பெயரேடு குழுவின் உறுப்பினரை முழு முகவரியோடு எழுதிவைக்கும்; மற்றொன்று நுழைவுப்பெயரை மட்டும் எழுதிவைக்கும். சிட்டாவும் அடங்கலும் போன்றதே இவ்வேறுபாடு. க. தாமரைச்செல்வி என்னும் செவிலியர் திருமணத்திற்குப்பின் இரா. தாமரைச்செல்வி ஆகின்றார் என்க. நுழைவுப்பெயரும் மாறுகின்றது. அவருடைய சொந்தப் பதிவு இரண்டு ஏடுகளிலும் திருத்தம் பெற்றுவிட்டது. ஆனால், நுழைவுப்பெயரை மட்டும் தாங்கிய குழுப்பட்டியலில் பழைய பெயரே கிடக்கின்றது. அவர் இரவுப் பணிக்கு வந்து நோயாளரின் குறிப்பைத் திறக்க முயல, உரிமையில்லை என்னும் விடை வருகின்றது. நோயாளர்க்கு எம்மருந்து ஒவ்வாது என்பது அக்குறிப்பில் அன்றோ உள்ளது? இதனினும் கொடியது ஒன்று உண்டு. வேறொருவர் பின்னாளில் பணியேற்று, விடுபட்ட அந்தப் பழைய நுழைவுப்பெயரைப் பெற்றுவிட்டால், கேளாமலே அவர் செவிலியர் குழுவின் உறுப்பினராகிவிடுவார்.

வரலாற்றில் நிகழ்ந்த குறை ஒன்றையும் இங்கே சொல்லல் வேண்டும். விண்டோசு 2000 வெளியீட்டில், ஒரு குழுவின் உறுப்பினர் பட்டியல் முழுவதும் ஒரே செய்தியாகக் கருதப்பெற்றது. அதனால், ஓரிடத்தில் உள்ள எழுத்தர் ஒருவரைக் குழுவிற் சேர்க்க, அம்மாற்றம் பரவுமுன் மற்றோரிடத்து எழுத்தர் வேறொருவரைச் சேர்த்தால், இரண்டு பட்டியல்களுள் ஒன்றே நிலைத்தது; மற்றது முழுமையாக நீங்கிற்று. சேர்க்கப்பெற்ற இருவருள் ஒருவர் சுவடின்றி மறைந்தார். இருவர் செயலிலும் பிழையில்லை; ஏடு வகுக்கப்பெற்ற முறையிலேயே பிழை இருந்தது. அக்காலத்தில் ஒரு குழுவில் 5,000 பேருக்கு மேல் வைக்கவேண்டா என அறிவுறுத்தப்பட்டதும் இப்பட்டியல் முறையால் வந்ததே. 2003ஆம் ஆண்டின் வெளியீட்டில் ஒவ்வோர் உறுப்பினரும் தனிச் செய்தியாகப் பரவுமாறு திருத்தினர். குழுக்கள் பற்றி வேடிக்கையான முரண்பாடும் ஒன்றுண்டு. எல்டாப் தரத்தில் வரையறுக்கப்பெற்ற ஒருவகைக் குழுவிற்கு உறுப்பினர் ஒருவரேனும் இருந்தே ஆகவேண்டும். ஆளில்லாக் குழுவை அது ஏலாது. ஆக்டிவ் டைரக்டரியில் ஆளில்லாக் குழு எத்தனை வேண்டுமாயினும் இருக்கலாம். ஆதலின், இறுதி உறுப்பினர் விலகும் நாளில் கருவி செய்வதறியாது நின்றுவிடுவதும் உண்டு.

ஒருவரைச் சேர்ப்பதனினும் நீக்குவதே அரிது. ஓரேட்டில் பெயர் உண்டு, மற்றோரேட்டில் இல்லை. இதனை எங்ஙனம் பொருள் கொள்வது? அவர் அங்கே புதிதாகச் சேர்க்கப்பெற்றாரா, அன்றி இங்கே நீக்கப்பெற்றாரா? வெறுமை தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆராயாது கருவி செயற்படின், ஓய்வு பெற்றுச் சென்றவர் பெயரை மற்ற ஏட்டிலிருந்து மீண்டும் கொணர்ந்து எழுதிவைக்கும். இச்சிக்கலுக்கு ஜெராக்ஸ் ஆய்வாளர்கள் 1987இல் வெளியிட்ட கட்டுரையில் இறப்புச் சான்று என்னும் கருத்தை விளக்கினர். பெயரை அழித்துவிடாமல், இப்பெயர் இந்நேரத்தில் நீக்கப்பெற்றது என்னும் குறிப்பை அவ்விடத்தில் நிறுத்தி, அக்குறிப்பையும் ஏனைய செய்திகளைப் போலவே எல்லாப் படிகளுக்கும் பரப்புதல் அது. ஆக்டிவ் டைரக்டரியில் இதனைக் கல்லறைக்கல் என்றே அழைக்கின்றனர். அக்கல்லை எக்காலமும் வைத்திருக்க இயலாது. முதலில் 60 நாள் வைத்திருந்தனர். பின்னர் வந்த வெளியீடுகளில் 180 நாள் என நீட்டினர். பழுதுற்றுக் கிடந்த வழங்கி ஒன்று அக்கெடு கடந்தபின் உயிர்பெற்று எழுந்தால், கல்லும் இல்லை, நினைவும் இல்லை. அது தன்னிடம் உள்ள பழைய பெயர்களை மெய்யெனவே வைத்திருக்கும். ஆதலின், அத்தகைய வழங்கியைத் திருத்த முயலாது, முற்றும் துடைத்துப் புதிதாகப் படியெடுக்கச் செய்வர்.

நகரியம் போன்ற இடங்களில் இது சிறு செய்தியன்று. ஒப்பந்தத் தொழிலாளர் சில திங்களுக்கு வருவர், போவர், மீண்டும் வருவர். போனவர் பெயர் ஏட்டில் தங்கிவிட்டால், அவர் பெயரால் பிறர் நுழைதற்குக் கதவு திறந்தே கிடக்கும். வந்தவர் பெயர் ஏறாவிட்டால், அவர் வாயிலில் நின்று அரைநாட் கூலியை இழப்பார். எனவே, பணி முடிந்தவரின் பதிவை உடனே அழித்துவிடாமல், முதலில் முடக்கிவைத்து, குறித்த நாட்கள் கழிந்தபின் நீக்குதலே நடைமுறையிற் சிறந்தது. முடக்கிய பதிவை ஒரு சொடுக்கில் மீட்கலாம்; அழித்த பதிவை மீண்டும் உண்டாக்கினால் பெயர் பழையதாயினும் அடையாள எண் புதியதாகிவிடும். ஏடு அவரை வேறொருவராகவே கருதும். அவர் முன்னர்ப் பெற்றிருந்த குழுக்கள் யாவும் அவரை அறியா.

இனி ஒரு பேரிடரை மட்டும் கூறுவோம். ஓர் இரவு அலுவலகப் பெயரேடு பழுதுற்றது என்க. கருவி வழக்கம்போல் பட்டியலைக் கேட்கின்றது. வெறும் பட்டியல் வருகின்றது. கருவி அதனை மெய்யென்று கொண்டால், நகரியத்தில் ஒருவருமே இல்லை என முடிவு செய்து, மருத்துவமனைப் பெயரேட்டில் உள்ள அனைவரையும் நீக்கிவிடும். காலை ஷிப்டுக்கு வரும் செவிலியர், மருத்துவர், மருந்தகத்தார் யாவரும் ஒரே நேரத்தில் வெளியே நிற்பர். இங்ஙனம் நேராதிருத்தற்பொருட்டே கருவிகளுக்கு ஓர் எல்லை வகுக்கின்றனர். மைக்ரோசாப்டின் என்ட்ரா கனெக்ட் என்னும் கருவி, ஒரே முறையில் 500க்கு மேற்பட்ட பதிவுகள் நீக்கப்படவிருப்பின், ஒன்றையும் நீக்காது நின்று, பொறுப்பாளர்க்கு மின்னஞ்சல் விடுக்கும். வேறு எண் இடாதவரை அதுவே எல்லை. பொறுப்பாளர் எழுந்து வந்து, நீக்கப்படவிருந்த பெயர்களைத் திரையில் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே படித்துப் பார்க்கின்றார். அவற்றுள் தம் பெயரும் இருக்கக் காண்கின்றார்.